சாம்பல் நிறக் கூடு

என் அம்மா வேலணையில் பிறந்தவர்.

இந்த வரியை இங்கே எழுதச் சில விநாடிகளே போதுமாக இருந்தன. இதே செய்தியை ஓர் இணையப் படிவத்தின் ஒரு சிறிய கூட்டுக்குள் எழுதுவிப்பதற்கு ஏழு மாதங்கள் அலைய வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாள்களில் வேலை பார்த்தவன் நான். நள்ளிரவு தாண்டிய பின்னர் தலைப்புச் செய்தியைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறேன். கடைசி நிமிடத்தில் வந்த மறுப்பறிக்கைகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். பெற்ற தாயின் பிறந்த ஊரைத் திருத்துவது மட்டும் என் கையில் இருக்கவில்லை.

அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கணினி முன்னால் அமர்ந்து இத்தகைய பக்கங்களை எழுதிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் இதை வாசிக்கவேண்டும் என்பது என் விருப்பம். என் அம்மாவின் கூட்டைப் பூட்டியவரும் அவர்களைப் போன்ற ஒரு கெட்டிக்காரப் பிள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

*

என் தந்தையார் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மாவுக்கு வந்துசேர வேண்டிய ஒரு கொடுப்பனவு தொடர்பாக ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே நான் சந்தித்தவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். விண்ணப்பம் இணையவழியில் மட்டுமே என்றார்கள். நல்லதுதானே என்று நினைத்தேன். 84 வயதுத் தாயாரை வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தத் தேவையில்லை.

பக்கத்தைத் திறந்து அடையாள அட்டை இலக்கத்தை இட்டேன். மிகுதிக் கூடுகள் தாமாகவே நிரம்பின. (எங்கள் நாட்டில் படிவத்தில் உள்ள கட்டத்தைக் ‘கூடு’ என்பது வழக்கம். ‘பொருத்தமான கூட்டில் புள்ளடி இடுக’ என்ற கட்டளைக்குப் பணிந்து பரீட்சை எழுதி வளர்ந்தவர்கள் நாங்கள்.) பெயர் சரி. பிறந்த திகதி சரி. பிறந்த இடம் என்ற கூட்டில் ‘கொழும்பு’ என்று இருந்தது.

சுட்டியைக் கொண்டுபோய் அந்தக் கூட்டின்மேல் வைத்து அழுத்தினேன். ஒன்றும் நிகழவில்லை. மறுபடியும் அழுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன், சில கூடுகள் வெள்ளை நிறத்திலும் சில சாம்பல் நிறத்திலும் இருந்தன. வெள்ளைக் கூட்டில் எழுதலாம். சாம்பல் கூட்டைப் பார்க்கலாம், அவ்வளவுதான். தொலைபேசி இலக்கம் வெள்ளை. வங்கிக் கணக்கு இலக்கம் வெள்ளை. பிறந்த இடம் சாம்பல்.

வேறு வழியின்றி அம்மாவின் பழைய பிறப்புச் சான்றிதழின் நிழற்பிரதியை இணைத்து, ஒரு விளக்கக் கடிதமும் எழுதி அனுப்பினேன். பத்து நாட்களில் பதில் வந்தது. படிவத்திலுள்ள பிறந்த இடமும் சான்றிதழிலுள்ள பிறந்த இடமும் பொருந்தவில்லையாம். படிவத்தைச் சரியாக நிரப்பி மீண்டும் அனுப்பவேண்டுமாம். நிரப்ப விட்டால் அல்லவா நிரப்புவதற்கு!

நேரில் போனேன். கருமபீடத்தில் இருந்த பெண் பிள்ளை பொறுமையாகக் கேட்டார். தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“எங்களுக்கும் அப்பிடித்தான் தெரியுது ஐயா. மாத்த ஏலாது. சிஸ்டம் விடாது.”

‘மேலிடம் விடாது’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே முதிர்ந்த தலைமுறை என்னுடையது. மேலிடத்துக்கு ஒரு பெயராவது இருந்தது. அதற்கு ஒரு கதவும், கதவுக்கு வெளியே காத்திருக்க ஒரு வாங்கும் இருந்தன. பொறுக்க முடியாதபோது அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவும் முடிந்தது. சிஸ்டத்தின் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கொடுப்பனவு பிந்துவதைப் பற்றிக் கவலை வரவில்லை. வேறொன்றுதான் சுட்டது.

“நான் கொழும்பைக் கண்டதே உன்ரை கொப்பரைக் கட்டினாப் பிறகுதான். அங்கை பிறந்தனானெண்டு ஆர் சொன்னது?”

“கொம்பியூட்டர் சொல்லுது அம்மா.”

“அதுக்கு ஆர் சொன்னது?”

செய்தியாளனாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. செய்தியின் மூலம் எது என்று தெரியாமல் எதையும் அச்சேற்றாதே என்று எத்தனையோ இளம் நிருபர்களுக்குப் பாடம் எடுத்தவன், சாம்பல் நிறத்தைக் கண்டதும் அந்தப் பாடத்தை மறந்துபோனேன்.

*

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை வாசகர்களுக்கு ஒன்றைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மரண அறிவித்தல்களில் பெயருக்கு முன்னால் இரண்டு கூடுகள் உண்டு. பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் மற்றது. ‘வேலணையைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும். போருக்குப் பின்னர் வதிவிடத்தின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. வேலணை, யாழ்ப்பாணம், சாவகச்சேரி, கொழும்பு, பரிஸ் என்று ஒருவர் ஓடிய ஓட்டம் முழுவதும் அந்த வரியில் தெரியும். பிறப்பிடம் மட்டும் எப்போதும் ஒன்றே. ஒரு மனிதரிடமிருந்து எல்லாவற்றையும் பறித்த பின்னரும் எஞ்சி நிற்கும் கூடு அது.

எங்கள் குடும்பமும் அந்த ஓட்டத்தில் ஓடியதுதான். 1990 ஓகஸ்டில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வேலணையை விட்டுப் புறப்பட்டோம். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது யாழ்ப்பாணத்திலிருந்தும் புறப்பட்டோம். கடைசியில் கொழும்பு. அம்மாவின் கொழும்பு முகவரியைப் பார்த்து யாரோ அதையே பிறந்த இடமாகவும் ஏற்றிவிட்டார்கள் என்று நான் ஊகித்தேன். பிறப்பிடக் கூட்டுக்குள் வதிவிடம் புகுந்துவிட்டது.

மரண அறிவித்தலில் பிறப்பிடம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் தொழிலுக்கு வந்த புதிதிலேயே கற்றுக்கொண்டேன். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் கொஞ்சக் காலம் இருந்தேன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தின் கடைசி வால். பக்கத்தைக் கோத்து முடித்ததும் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, ஆப்புகளைச் செருகி இறுக்குவார்கள். அப்படி இறுக்கியதைப் ‘பாரம்’ என்பார்கள். விண்ணப்பப் பத்திரத்தையும் பலர் பாரம் என்றே சொல்லுவார்கள் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இறுக்கிய பாரத்தில் ஓர் எழுத்தைக்கூட அசைக்க முடியாது. அசையக்கூடாது என்பதற்காகத்தான் இறுக்குவது. அசைந்தால் அச்சுப்பொறியில் பக்கமே சிதறிவிடும்.

ஒருநாள் இரவு, இறந்தவரின் தம்பி ஓடிவந்தார். துண்டுப்பிரசுரத்தில் ஊர் மாறிவிட்டது. பிழை என்னுடையது. பாரத்தைத் திறக்கும்படி தலைமை அச்சுக்கோப்பாளரிடம் கெஞ்சினேன். அவர் மறுக்கவில்லை. மேசையிலிருந்த படிதிருத்தத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். “என்ன பிழை, ஆர் திருத்தச் சொன்னது, எத்தினை மணிக்கு எண்டு எழுதிக் கையெழுத்தை வையும் தம்பி. பிறகு திறக்கிறன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். ஆப்பைத் தளர்த்தினார், நான்கு எழுத்துகளை மாற்றினார், மறுபடி இறுக்கினார்.

பூட்டு, திறவுகோல், கையெழுத்து. அந்த மூன்றும் அந்தச் சிறிய அச்சகத்தில் இருந்தன.

*

இனிக் கணினிக்கு வருகிறேன். என் தங்கையின் மகன் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அம்மம்மாவின் வழக்கைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்தார். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். நிரலாளர்கள் பிழை பொறுக்க.

படிவத்தின் கூட்டைப் பூட்டுவதற்கு எச்.ரி.எம்.எல். மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. இரண்டும் 1997இல் வெளியான அதன் நான்காம் பதிப்பிலேயே வந்துவிட்டன. ஒன்று ‘ரீட் ஒன்லி’. கூட்டில் உள்ளதை வாசிக்கலாம், பிரதி எடுக்கலாம், மாற்ற முடியாது. படிவத்தை அனுப்பும்போது அதில் உள்ளதும் சேர்ந்தே போகும். மற்றது ‘டிஸேபிள்ட்’. கூடு செத்ததுபோலக் கிடக்கும். பெரும்பாலும் சாம்பல் நிறமாகத் தெரிவது இதுதான். படிவத்தை அனுப்பும்போது இந்தக் கூட்டில் உள்ளது போகவே போகாது. கூடு இருந்த சுவடே மறுபக்கத்துக்குத் தெரியாது.

“இதிலைதான் மாமா கனபேர் விழுகிறது” என்றார் மருமகன். பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவுசெய்யும் கூட்டுக்கு முதலாவது பூட்டு வேலை செய்யாது. ஆகவே இரண்டாவதைப் போடுவார்கள். போட்டால் அந்தக் கூட்டிலிருந்து ஒன்றும் வந்து சேராது. மறுபக்கத்தில் உள்ள நிரலைக் கவனமின்றி எழுதியிருந்தால், ‘ஒன்றும் வரவில்லை’ என்பதை ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொண்டு, இருந்ததை அழித்துவிடும். அல்லது பட்டியலின் முதலாவது பெயரைப் போட்டுவிடும்.

“இலங்கையின்ரை 25 மாவட்டங்களையும் வரிசையாப் போட்டால் முதலாவது எது?”

கொழும்பு!

அவருடைய ஊகம் இதுதான். முன்னொரு காலத்தில் அந்தக் கூடு மாவட்டப் பட்டியலாக இருந்திருக்கலாம். யாரோ வேறெதையோ திருத்தி அனுப்பியபோது, பூட்டியிருந்த அந்தப் பட்டியல் மௌனமாக இருந்திருக்கலாம். அந்த மௌனத்தைக் கணினி கொழும்பு என்று மொழிபெயர்த்திருக்கலாம். என் ஊகம் சரியோ அவருடையது சரியோ, ஒன்று நிச்சயம். அம்மாவை எவரும் கேட்கவில்லை.

பிறகு அவர் ஒரு வேடிக்கை காட்டினார். தன் கணினியிலேயே ஒரு சிறிய படிவத்தைச் செய்து, அதில் பிறந்த இடம் கொழும்பு என்று எழுதி, கூட்டைப் பூட்டினார். உலாவியில் ஏதோ ஒரு சாளரத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தின் நிரல் வரிவரியாகத் தெரிந்தது. அதில் ‘ரீட் ஒன்லி’ என்ற சொல்லை மட்டும் அழித்தார். கூடு திறந்துகொண்டது! வேலணை என்று எழுதி அனுப்பினார். சேமிப்பில் வேலணை என்று பதிவாகிவிட்டது.

நான் திகைத்துப்போனேன். பூட்டு என்று நினைத்தது வெறும் திரைச்சீலை. உலாவிக்கு அனுப்பிய பக்கம் வாசகனின் வீட்டுக்குப் போய்ச்சேர்ந்த பத்திரிகையைப் போன்றது. அதில் அவன் பேனாவால் எதையும் கிறுக்கலாம். தடுக்க முடியாது. ஆனால் அவன் கிறுக்கியதை நாளைய பதிப்பில் நாம் அச்சிடப்போகிறோமா என்பதுதான் கேள்வி. அந்தத் தீர்மானம் நடக்கவேண்டிய இடம் வழங்கி, அதாவது சேர்வர்.

இரண்டாவது படிவத்தைச் செய்தார். இம்முறை மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் ஏ.எஸ்.பி. டொட் நெற் முறையில், வழங்கியிலேயே அந்தக் கூட்டுக்கு ‘ரீட் ஒன்லி’ என்ற பண்பைக் கொடுத்தார். மறுபடியும் அதே வித்தை. சொல்லை அழித்தார், கூடு திறந்தது, வேலணை என்று எழுதி அனுப்பினார். பக்கம் திரும்பி வந்தது. கூட்டில் கொழும்பு. 2005இல் வெளியான இரண்டாம் பதிப்பிலிருந்து இந்தக் கண்டிப்பு இருக்கிறதாம். வழங்கி தான் பூட்டிய கூட்டுக்கு உலாவியிலிருந்து என்ன வந்தாலும் பொருட்படுத்தாது. அந்த நாட்களில் பல நிரலாளர்கள் இதனால் தலையைப் பிய்த்துக்கொண்டார்களாம். கையால் எழுதாமல் நாட்காட்டியில் தொட்டுத் திகதியைத் தெரிவுசெய்யட்டும் என்று கூட்டைப் பூட்டிவைப்பார்கள். திகதி திரையில் அழகாக விழும். அனுப்பியதும் மறைந்துபோகும்.

திரையில் வேலணை, வழங்கியில் கொழும்பு. முப்பது ஆண்டுகாலப் புலம்பெயர்வை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கண்டதில்லை.

எனக்கு ஒரு கெட்ட ஆசை வந்தது. “அந்த அலுவலகத்தின்ரை பக்கத்திலையும் இப்பிடிச் செய்து பார்ப்பமே?” என்று கேட்டேன்.

மருமகன் மடிக்கணினியை மூடிவிட்டார். “வேண்டாம் மாமா. அது களவு. அம்மம்மாவின்ரை ஊரைக் களவாயோ எழுதிறது?”

வெட்கமாக இருந்தது.

*

பூட்டு என்றாலே அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. தீவகத்தான் எவனும் அப்படிச் சொல்லமாட்டான். ஆட்கள் இல்லாத ஊர்களில் காணிகளுக்குக் கள்ள உறுதி முடித்த கதைகளை நாங்கள் எத்தனை கேட்டிருக்கிறோம்! வெளிநாட்டில் இருப்பவர், இறந்துபோனவர் எல்லோருடைய பெயராலும் கையெழுத்துகள் விழுந்தன. பதிவேடுகளைக் கண்டவன் நின்றவன் எல்லாம் திறந்து எழுதக்கூடியதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பூட்டும் அதிகாரம் பிழையானவர் கையில் இருந்தாலும் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் அறிவோம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு றொட்டர்டாம். காரைதீவு அம்ஸ்டர்டாம். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. வரைபடத்தில் அப்படி எழுதிப் பூட்டினார்கள். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களிலும் லெய்டன் தொடர்ந்து வந்தது. வேலணையில் பிறந்த எவரும் தன்னை லெய்டனில் பிறந்தவர் என்று சொல்லிக்கொண்டதை நான் கேட்டதில்லை. பதிவேட்டில் ஒன்று, வாயில் ஒன்று. கடைசியில் வாய்தான் வென்றது. நெடுந்தீவுக்கு மாத்திரம் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு தீவுக்கு நூற்றாண்டுகள் காத்திருக்க முடியும். 84 வயதுத் தாயாருக்கு முடியுமா?

பூட்டும் வேண்டும், திருத்தமும் வேண்டும் என்ற சிக்கலை எங்கள் நொத்தாரிசுமார் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். காணி உறுதி ஒன்றைக் கையில் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இத்தனையாம் பக்கத்தில் இத்தனையாம் வரியில் இந்தச் சொல் வெட்டப்பட்டது, இந்தச் சொல் இடையில் சேர்க்கப்பட்டது, கையொப்பமிடுவதற்கு முன்னரே இவை செய்யப்பட்டன என்று அத்தாட்சி எழுதியிருக்கும். சட்டம் அப்படி எழுதச் சொல்கிறது. வெட்டிய சொல்லை மறைப்பதில்லை. வெட்டியதைச் சொல்லிவிடுவார்கள். திருத்தம் ஒளிந்திருந்தால் மோசடி, வெளியில் நின்றால் சான்று.

*

உறுதிப்படுத்திய புதிய பிரதி வேண்டும் என்று அலுவலகம் கேட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு இப்போது இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். இருந்தாலும் நேரில் போவதென்று முடிவுசெய்தேன். ஊரைப் பார்த்தும் நாளாயிற்று.

யாழ்ப்பாணத்தில் பஸ் எடுத்தேன். பண்ணைப் பாலம், இருபுறமும் ஆழமற்ற கடல், மீன் பிடிப்பதற்காக நாட்டிய தடிகள், தடிகளில் பறவைகள். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், பிறகு வேலணை. வங்களாவடிச் சந்தியில் இறங்கினேன். கூரையில்லாத வீடுகளின் சுவர்களுக்குள்ளே மரங்கள் வளர்ந்து நின்றன. சில வளவுகளில் புத்தம் புதிய மதில்கள், உள்ளே ஒருவரும் இல்லை. எங்கள் வளவில் வடலிகள் பனைகளாகிவிட்டிருந்தன.

பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். 1941ஆம் ஆண்டுக்குரிய பதிவைத் தேடி எடுத்தார் அங்கிருந்த உத்தியோகத்தர். மங்கிய மை, சாய்ந்த எழுத்து. பிறந்த இடம் வேலணை மேற்கு. அதை எழுதிய கை யாருடையதோ தெரியாது. நிச்சயமாக அம்மாவின் தகப்பனாரிடம் கேட்டுத்தான் எழுதியிருப்பார். அதே பக்கத்தில் வேறொரு பிள்ளையின் பெயர் ஒற்றைக் கோட்டால் வெட்டப்பட்டு, பக்கத்தில் சரியான பெயர் எழுதப்பட்டிருந்தது. கீழே ஒரு சுருக்கொப்பமும் திகதியும். வெட்டிய பெயரையும் இன்று வாசிக்க முடிந்தது.

எண்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முந்திய அந்தத் தாள், என் கையிலிருந்த தொலைபேசியில் தெரிந்த படிவத்தைவிட அதிகம் அறிந்திருந்தது. என்ன இருந்தது, என்னவாக மாறியது, யார் மாற்றியது, எப்போது மாற்றியது. நான்கு கேள்விகளுக்கும் விடை அதில் இருந்தது. சாம்பல் நிறக் கூட்டுக்கு ஒரு விடைதான் தெரியும்.

பிரதியோடு கிராம அலுவலரின் கடிதமும், சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசியும் சேர்ந்தன. கொழும்புக்குத் திரும்பினேன்.

*

இரண்டாவது முறையும் விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்றாவது முறை ஒரு மூத்த உத்தியோகத்தர் என்னைத் தன் அறைக்குள் அழைத்தார். ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கூட்டைத் திறக்கும் அதிகாரம் தலைமை அலுவலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் இருக்கிறது என்றார். அப்படி ஓர் அதிகாரம் இருப்பதே கருமபீடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய திரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதை மருமகனிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. வழங்கியில் எழுதும் பக்கங்களின் வலிமையே அதுதான் என்றார். ஏ.எஸ்.பி. டொட் நெற் ஆனாலும் பி.எச்.பி. ஆனாலும் ஜாவா ஆனாலும் கதை ஒன்றுதான். பக்கம் ஒன்று. அதைத் திறப்பவர் யார் என்று வழங்கி முதலில் பார்க்கும். விண்ணப்பதாரர் வந்தால் கூட்டைப் பூட்டிக் கொடுக்கும். அதிகாரமுள்ள உத்தியோகத்தர் வந்தால் திறந்து கொடுக்கும். ஆளை மட்டுமல்ல, விண்ணப்பத்தின் நிலையையும் பார்க்கலாம். அனுப்புவதற்கு முன் திறந்திருக்கும் கூடு, அனுப்பிய பின் பூட்டிக்கொள்ளும். திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பினால், பிழை என்று சொன்ன அந்த ஒரு கூடு மட்டும் திறந்துகொள்ளும். திரும்பி வரும்போது இவருக்கு இந்தக் கூட்டை மாற்ற உரிமை உண்டா என்று வழங்கி மறுபடியும் கேட்கும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காத பூட்டு, முன்னர் சொன்ன திரைச்சீலைதான்.

இவ்வளவும் செய்ய முடியுமென்றால், பூட்டிய கூட்டின் பக்கத்தில் ஒரு வரி எழுத முடியாதா? ‘இந்த விபரம் இந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பிழையெனில் இங்கே அறிவியுங்கள்.’ அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் ஏழு மாதங்கள் ஏழு நாட்களாகியிருக்கும். எவரும் மாற்ற முடியாத விபரமானால் அதைக் கூட்டுக்குள் வைப்பதே வேண்டாம். வெறும் எழுத்தாகக் காட்டிவிடலாம். கூடு என்பது ஓர் அழைப்பு. எழுது என்று அழைத்துவிட்டுக் கையைப் பிடிப்பது மரியாதையல்ல. திருத்தும்போது பழையதையும், திருத்தியவர் பெயரையும், நேரத்தையும் சேர்த்து வைக்கவேண்டும் என்பதை அந்த அச்சுக்கோப்பாளர் எனக்குச் சொல்லித் தந்தார். அவர் கணினியைக் கண்டவரல்லர்.

நிரலாளர்களான பிள்ளைகளே, ஒரு கூட்டைப் பூட்டுவதற்கு உங்களுக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைத் தட்டுவதற்கு முன்னர் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பிழையாக இருந்தால், வெளியே நிற்கும் மனிதர் எங்கே போவார்? அவருக்கு உலாவியின் உள்ளே புகுந்து பார்க்கத் தெரியாது. அவருக்கு மருமகனும் இல்லாமல் இருக்கலாம்.

*

ஏழாம் மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பக்கத்தைத் திறந்து அம்மாவின் இலக்கத்தை இட்டேன். கூடுகள் நிரம்பின. பிறந்த இடம் வேலணை. கூடு இன்னும் சாம்பல் நிறமாகவே இருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு விரலால் அந்தச் சொல்லைத் தொட்டார். திரை வேறெங்கோ தாவிவிட்டது. மறுபடியும் அதே இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தேன்.

“இனி ஆரும் இதை மாத்தேலாதுதானே?” என்று கேட்டார்.

“ஏலாது அம்மா. பூட்டிக் கிடக்குது.”

“அது நல்லது” என்றார் அம்மா.